பத்மினிக்குச் சின்ன ஸ்டியரிங் போட்டு நாலு வருஷம்

எங்கள் வீட்டு பிரீமியர் பத்மினி 1989 மாடல், அப்பா வாங்கியது. கியர் லீவர் தரையில் இல்லை, ஸ்டியரிங் தண்டோடு ஒட்டி இருக்கும். ஒரிஜினல் ஸ்டியரிங்கின் பிளாஸ்டிக் விளிம்பில் விரிசல் விழுந்தது, பசை, புட்டி என்று என்னென்னமோ பூசிப் பார்த்தேன், சென்னை வெயிலில் நிற்கிற வண்டிக்கு எதுவும் நிற்கவில்லை. உண்மையைச் சொன்னால் விரிசல் ஒரு சாக்குதான். கார் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் தொங்கிய மூன்று கம்பி ஸ்டியரிங் வீல் ஒன்று ரொம்ப நாளாகக் கண்ணிலேயே நின்றது.

வாங்குவது சுலபம், மாட்டுவதுதான் கஷ்டம். மோமோ பிராண்ட் மாதிரி வீல்களில் 70 மி.மீ. வட்டத்தில் ஆறு போல்ட், நார்டி பிராண்ட் என்றால் 74. இந்த வீல் நேராகத் தண்டில் உட்காராது, நடுவில் 'பாஸ் கிட்' என்கிற இணைப்புக் கட்டை வேண்டும், அதன் உள்பல் நம் வண்டித் தண்டின் பல்லோடு பொருந்த வேண்டும். மாருதிக்குக் கேட்டால் உடனே எடுத்துக் கொடுக்கிறார்கள், பத்மினி என்றதும் கடைக்காரர் சிரித்தார். கடைசியில் பழைய வண்டிச் சாமான் விற்கிற புதுப்பேட்டையில் ஒரு பழைய பத்மினி வீலைப் பிடித்து, அதன் நடுக் கட்டையை மட்டும் அறுத்து, லேத் பட்டறையில் தகடு வெல்டிங் செய்து ஆறு ஓட்டை போட்டு வாங்கினேன்.

அது தப்பாகப் போனது. தகடு மயிரிழை கோணலாக உட்கார்ந்ததால் வளைவில் வீல் கோட்டம் விழுந்த சைக்கிள் ரிம் மாதிரி ஆடியது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆறு மாதம் கழித்து ஒருநாள் வீலை லேசாக முன்னும் பின்னும் அசைத்தபோது 'டிக்' என்று சத்தம், கழற்றிப் பார்த்தால் வெல்டிங் ஓரத்தில் கோடு மாதிரி ஒரு பிளவு. ஈசிஆரில் எண்பதில் போனதெல்லாம் ஞாபகம் வந்து வயிற்றைப் பிசைந்தது. வேறொரு டர்னர் முழு இரும்பில் கடைந்து, பழைய பல் பகுதியை உள்ளே இறக்கி, குறுக்கே முளை (பின்) அடித்து வெல்டிங்கும் வைத்துக் கொடுத்தார். இன்றுவரை அதுதான். முதல் தடவையே இவரிடம் போயிருக்கலாம்.

கழற்றும்போது ஒரு விஷயம். நடு நட்டை முழுதாக எடுத்துவிட்டு வீலை இழுக்காதீர்கள், கடைசி இரண்டு மரை மிச்சம் வைத்து இழுங்கள், இல்லையென்றால் வீல் திடீரென்று வந்து உங்கள் வாய்ப் பல்லைப் பெயர்த்துவிடும். திரும்ப மாட்டும்போது கோணாமல் இருக்க, முன்சக்கரங்களை நேராக வைத்துத் தண்டிலும் கட்டையிலும் ஒரு பஞ்ச் புள்ளியும் வைத்துக்கொள்ளுங்கள். ஹாரன் ஒயரை நான் சரியாக மூடாததால் அது பாடியில் உரசி, முதல் வாரம் முழுக்க இடதுபக்கம் ஒடித்தால் தானாக ஹாரன் அடித்தது, அதிலும் சிக்னலில் நின்ற போலீஸ்காரர் முதுகுக்குப் பின்னால்.

ஓட்டுவதற்கு வருவோம். பழைய வீலை டேப் வைத்து அளந்தேன், கிட்டத்தட்ட 40 செ.மீ. நான் போட்டது 35. கணக்குப்படி ஏழில் ஒரு பங்கு பலம் கூட வேண்டும், அவ்வளவுதானே என்றுதான் நானும் நினைத்தேன். ஓடும்போது தெரியவில்லை, பார்க்கிங்கில் தெரிந்தது. பவர் ஸ்டியரிங் இல்லை, முன்னால் ரேடியல் டயர் வேறு, நின்ற இடத்தில் திருப்பினால் தோள்பட்டை கழன்றுவிடும். வண்டியை ஓர் அடி உருட்டிக்கொண்டே திருப்பும் பழக்கம் அப்புறம்தான் வந்தது.

அதைவிடத் தொந்தரவு கியர். முதலில் வாங்கியது குழிந்த வீல், அதாவது விளிம்பு நெஞ்சுப் பக்கம் தள்ளி வரும். பழைய வீலில் விளிம்பை விடாமலே விரல் நுனியால் இரண்டிலிருந்து மூன்றுக்குத் தள்ளுவேன். இதில் லீவர் எங்கோ பின்னால் போய்விட்டது, ஒவ்வொரு தடவையும் கையை எடுத்து நீட்ட வேண்டும். தரையில் கியர் உள்ள வண்டிக்காரர்கள் குழிந்த வீலைப் புகழ்வதை நம்பி வாங்கினது என் மடத்தனம். போதாததற்கு விளிம்பின் மேல்பக்கம் பெட்ரோல் முள்ளையும் மறைத்தது.

இரண்டாம் வருஷம் தட்டையான 38 செ.மீ. வீலுக்கு மாறினேன். லீவர் திரும்பக் கைக்கு எட்டுகிறது, முள்ளும் தெரிகிறது. செயற்கைத் தோல் உறை ஒரே கோடையில் பிசுபிசுத்தது, உரித்துவிட்டு நிஜத் தோலில் தைத்தேன். மேல்பக்கத் தையல் இப்போது கொஞ்சம் பிரிகிறது, மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறது.

பத்மினியில் ஏர்பேக் கிடையாது, அதனால்தான் துணிந்தேன். ஏர்பேக் உள்ள காரில் இந்த வேலையே வேண்டாம்.

பழைய வீல் ஷெட்டில் ஆணியில் தொங்குகிறது. பதினைந்து வருஷம் தாண்டிய வண்டி, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. போக வேண்டும், கம்பெனி கொடுத்ததை மாற்றியிருக்கிறாயே என்று அங்கே நின்று வாதாட எனக்குத் தெம்பு இல்லை, போன தடவை பழசை மாட்டித்தான் கொண்டுபோனேன். திரும்பி வரும்போது அப்பா ஓட்டினார், ஷெட்டுக்குள் ஒரே வீச்சில் திருப்பி நிறுத்திவிட்டு, "இதை எதுக்குடா கழட்டின?" என்றார். ஒரு வாரம் அப்படியே விட்டுவைத்தேன். அப்புறம் 38-ஐ மாட்டிவிட்டேன்.