ரேனாக்ஸ் டிசிஆர்-250: வயல் சிலந்திக்குப் போதுமா?

குறுவை வயலில், நெல்லின் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சியைக் கவ்வும் ஓநாய்ச் சிலந்தியைத் திரை நிறையக் காட்ட, கேமரா லென்ஸின் முன்னால் மாட்டும் இந்தக் குட்டி க்ளோஸ்-அப் லென்ஸே போதும். 52 முதல் 67 மி.மீ. ஃபில்டர் அளவுள்ள லென்ஸ்களில் கிளிப் மாதிரி மாட்டலாம். பவர் +8 டயாப்டர். கேமரா லென்ஸின் ஃபோகஸை முடிவிலியில் வைத்தால் பூச்சி சுமார் 12.5 செ.மீ. தள்ளி இருக்கணும், 200 மி.மீ. ஜூமில் சென்சாரில் விழும் பிம்பம் பூச்சியின் நிஜ அளவைப்போல் 1.6 மடங்கு இருக்கும். ஜூமைக் குறைத்தால் மூலைகள் கறுத்துவிடும்.

தொல்லை ஃபோகஸ் ஆழத்தில்தான், அதாவது முன்பின்னாக எவ்வளவு தூரம் தெளிவாக விழும் என்பதில். லென்ஸ் துவாரத்தைச் சுருக்கி எஃப்/11 வைத்தாலும் 1 மி.மீ. தேறாது, கண் தெளிந்தால் கால் மங்கும். ஆட்டோ ஃபோகஸ் அலைபாயும், அணைத்துவிட்டு கேமராவையே மயிரிழையாக முன்பின் நகர்த்துங்கள். காற்று எழுமுன், விடியலிலேயே எடுங்கள். அசையும் நெல் தாளைக் குச்சியோடு சேர்த்துத் துணிக் கிளிப் போடலாம். ட்ரைபாட் கால் சேற்றில் இறங்கும்; அடியில் கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வையுங்கள். கும்பிடுபூச்சிக்கு இந்த லென்ஸ் அதிகம், தலை மட்டும்தான் அடங்கும்.