சில்க்சாங்: அடி வாங்கிக்கிட்டே எழுதுற ரிவியூ

மொதல்லயே சொல்லிர்றேன், ஹாலோ நைட் சில்க்சாங்ங்கிற இந்த வீடியோ கேம வாங்கலாம், காசுக்கு மேலயே இருக்கு, ஆனா பொறுமை இல்லாத ஆளுங்க வாங்கிட்டு பொறவு எனக்கு ஏசக்கூடாது.

2019 பெப்ரவரில அறிவிச்ச கேம் இது. முத கேம் ஹாலோ நைட்டுக்கு ஒரு எக்ஸ்ட்ரா பார்ட் செய்யப்போறோம்னு தொடங்கி அது பெருசாகிப் பெருசாகி தனி கேமாவே மாறி கடைசில 2025 செப்டம்பர் 4 தான் வெளிய வந்துச்சு. நடுவுல எங்க எந்த கேம் ஷோ நடந்தாலும் சாட் பூரா "சில்க்சாங் எங்கடா"ன்னுதான் ஓடும். செஞ்சது டீம் செர்ரி, அவுஸ்திரேலியா அடிலெய்ட்ல இருக்குற ரொம்ப சின்ன டீம், ஒரு கை விரல்ல எண்ணிறலாம். இவ்ளோ வருசமும் அவங்க பெருசா வாயத் தொறக்கவே இல்ல, ரிலீஸ் தேதியவே ரெண்டு கிழமைக்கு முன்னாடிதான் சொன்னாங்க. ப்ரீ ஆர்டர் இல்ல, டீலக்ஸ் எடிஷன் இல்ல, ரிவியூ பண்றவங்களுக்குக் கூட முன்கூட்டி குடுக்கல. நம்ம நேரம் ராத்திரி ஏழரைக்கு ரிலீஸ், ஸ்டீம் முதக்கொண்டு கேம் விக்கிற எல்லா ஆன்லைன் கடையும் கூட்டம் தாங்காம படுத்துருச்சு. அந்த கிழமை வர இருந்த மத்த சின்ன கேம் செய்றவங்க பல பேரு பயந்துபோயி தேதிய தள்ளி வச்சாங்கன்னா பாத்துக்கோங்க.

நான் ஹைப்புக்கு எதிரி கெடையாது. ஆனா ட்ரெய்லரா போட்டுத் தள்ளி விளம்பரத்துல ஊதுற ஹைப் வேற, முத கேம் நல்லா இருந்துச்சேன்னு ஆடுனவன் வாய் வழியா பரவுற ஹைப் வேற. சைபர்பங்க் 2077ங்கிற கேமுக்கு என்ன ஆச்சு, 2020 டிசம்பர்ல வந்து ஒரு கிழமைல சோனி அத அவங்க பிளேஸ்டேஷன் கடையில இருந்தே தூக்கிட்டாங்க, திரும்ப வந்தது அடுத்த வருசம் ஜூன்ல. கான்கார்ட்ங்கிற ஆன்லைன் கேம் இன்னும் மோசம், 2024 ஆகஸ்ட் 23 ரிலீஸ், செப்டம்பர் 6 சேவரையே மூடிட்டாங்க, காச மட்டும் திருப்பிக் குடுத்தாங்க. மொதல்ல வித்துருவோம் பொறவு செஞ்சுக்குவோம்ங்கிற புத்திதான் இப்ப நெறைய பேருக்கு, நம்ம காசு குடுத்து அவங்களுக்கு டெஸ்ட் பண்ணிக் குடுக்குறோம்.

வெளிநாட்டுக்காரன் இத சும்மா சலிப்பா பேசிட்டுப் போயிருவான். இலங்கைல இருக்குற நமக்கு அப்புடி இல்லயே. பெரிய கம்பெனி கேம் ஒண்ணு 70 டாலர், டாலர 300 ரூவான்னு வச்சாலும் 21,000. தேயிலத் தோட்டத்துல ஒரு நாள் சம்பளம் 1,350ன்னு 2024ல தீர்மானிச்சாங்க, அந்தக் கணக்குல பதினஞ்சு நாளுக்கு மேல கொழுந்து எடுத்த காசு, அதக் குடுத்து வாங்குனா உள்ள பாதி கேமும் சீசன் பாஸும் பொம்மைக்கு சட்ட விக்கிற கடையும். சில்க்சாங் 20 டாலர். அதுவும் லேசுப்பட்ட காசு இல்லதான், ஆனா உள்ள கடை கெடையாது, தொறந்தா கேம் மட்டுந்தான் இருக்கு. எவ்ளோ பெருசுன்னா, இதோட முடிஞ்சுருச்சுன்னு நெனச்ச எடத்துல அடுத்த பாதி தொடங்குது.

இன்னொண்ணு, சைஸ். ஸ்டீம்ல 8 ஜிபி எடம் இருந்தா போதும்னு போட்ருக்கு. இப்ப வர்ற பெரிய கேமெல்லாம் 100 ஜிபிக்கு மேல, நைட் டேட்டா தொடங்குற வரைக்கும் முழிச்சிருந்து டவுன்லோட் போட்டு, மழைக்கு சிக்னல் போயி, காலைல பாத்தா 11 பர்சன்ட்ல நிக்கும். இது ஒரே ராத்திரில எறங்கிரும், எறங்குன பொறவு நெட்டே தேவயில்ல, மலையில லைன் செத்துக் கெடந்தாலும் நீங்க பாட்டுக்கு ஆடலாம். கேம்ல சேவ் ஆகுற எடம் பெஞ்ச்தான், கரண்ட் போச்சுன்னா மட்டும் கடைசியா ஒக்காந்த பெஞ்ச்ல இருந்துதான் எழும்பணும், அதுக்கு அவங்க என்ன செய்வாங்க.

சரி கேமுக்கு வருவோம். ஹார்னெட்ங்கிற பொண்ணுதான் நீங்க, கையில ஊசி, உடம்புல பட்டு நூலு. முத கேம் ஆள விட நல்ல வேகம். கீழ குத்துனா நேரா எறங்காம சாய்வா பாயுவா, ஆரம்பத்துல இது கைக்கு வரவே வராது, ஹண்டர்ஸ் மார்ச்ங்கிற எடத்துல செகப்பு பூவுங்க மேல குத்திக் குத்தி தாண்டணும், அங்கதான் பாதிப் பேரு கையில இருந்த கேம் பேட்ட தூக்கி எறிஞ்சிருப்பாங்க. அதே எடத்துல தட்டுத் தடுமாறி ஒரு பெஞ்ச கண்டுபிடிச்சு அப்பாடான்னு ஒக்காந்தா அந்த பெஞ்சே பொறி! ஒக்காந்த ஒடனே அடி விழுது. நான் சிரிச்சுட்டேன், பக்கத்துல இருந்த தம்பி கெட்ட வார்த்தையில ஏசிட்டான். இப்புடி ஆடுறவன் என்ன நெனைப்பான்னு தெரிஞ்சு வச்சு செஞ்ச குசும்பு, மேப்புல ஐநூறு அடையாளத்த கொட்டி வச்சு அங்க போ இங்க போன்னு வெரட்டுற கேமுல வருமா.

கிரேமூர்னு ஒரு எடம், சாம்பல் மூட்டமும் காத்தும், அப்புடியே ஆடி மாசத்து அம்பேவெல. கிறிஸ்டோபர் லார்கின் மியூசிக், ஹெட்செட் போட்டுத்தான் கேக்கணும்.

இப்ப கொற. ஒங்களுக்கு ஆரம்பத்துல அஞ்சு உயிர்தான், ஆனா கண்ட கண்டதெல்லாம் ரெண்டு ரெண்டா புடுங்குது, அப்ப மூணு அடில ஆள் காலி. ஒரு தடவ வைத்தியம் பாத்தா மூணு உயிர் திரும்ப வரும்தான், அதுக்கு நூலு சேக்கணுமே. கஷ்டமா இருக்குறது எனக்கு பிரச்சின இல்ல, செத்த பொறவு திரும்ப பாஸ், அதான் அந்த எடத்துப் பெரிய எதிரி, அது கிட்ட நடக்க விடுறதுதான் கடுப்பு. லாஸ்ட் ஜட்ஜ்ங்கிற பாஸ் கிட்ட போற வழி இருக்கே, மணலுக்குள்ள இருந்து பாயுற புழு, பறந்து வந்து தொளைக்கிற பூச்சி, எல்லாத்தையும் தாண்டி அடிச்சு ஜெயிச்சா செத்த பாஸ் வெடிச்சு அதுல நீங்களும் சாகலாம். இது சவால் இல்ல, வேணும்னே பண்ற சேட்ட. காசுக்குப் பதிலா ஜெபமாலை மணி, ஒக்காரவே சில பெஞ்சுக்கு மணி கட்டணும், செத்தா மணியெல்லாம் அங்கயே கெடக்கும், பத்திரமா கோத்து வைக்கலாம்னு போனா அதுக்கும் கமிஷன் வெட்டுறான் மெஷின். வந்து கொஞ்ச நாள்லயே ஒரு பேட்ச், அதான் சின்னத் திருத்தம், விட்டு மூர்விங், சிஸ்டர் ஸ்ப்லின்டர்ங்கிற ரெண்டு பாஸையும் கொஞ்சம் லேசாக்குனாங்க, நல்ல வேலை. ஒடனே ஒரு கூட்டம் வந்து "ஒனக்கு ஆடத் தெரியல, அதான் அழுற"ன்னு ஆரம்பிச்சுட்டாங்க. மச்சான், பாஸ் கஷ்டமா இருக்கட்டும், பாஸ் கிட்ட நடக்குறது எதுக்கு கஷ்டமா இருக்கணும், அத மட்டும் வெளங்கப்படுத்து.

முத கேமுக்கு நாலு பெரிய அப்டேட் சல்லி வாங்காமயே குடுத்தவங்க, அதனால இவங்க மேல எனக்கு நம்பிக்க இருக்கு.

பத்துக்கு எட்டரை. ஹாலோ நைட்ட இன்னும் தொடாதவங்க அதையே மொதல்ல வாங்குங்க, சேல்ல அடிக்கடி சரியான மலிவா போடுவாங்க, அது கைக்குப் புடிச்சா மட்டும் இதுக்கு வாங்க. லேப்டொப்ல தனி கிராபிக்ஸ் காட் பழசா இருந்தாலும் ஓடும். கீபோட்ல ஆடாதீங்க, அந்த சாய்வுக் குத்துக்கு விரல் பின்னிக்கும், கொழும்புல இருந்து யாராவது வந்தா சொல்லி ஒரு பேட் எடுப்பிச்சுக்கோங்க.