என்விஎம்இ விலையில் சாட்டா எஸ்எஸ்டி: டெல்டா பகுதிக் கணினி மையத்தாருக்கு ஓர் எச்சரிக்கை

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11 ஏற்றும்போதே பழைய ஹார்ட் டிஸ்க்கை ஒதுக்கிவிட்டு சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டிக்கு மாறிவிடலாம் என்று நம் பகுதியில் பலர் கடைகளை நாடுகிறார்கள். அவர்களுள் ஒருவனாகச் சென்று, எஸ்எஸ்டிகளில் வேகமான என்விஎம்இ வகைக்கு விலை கொடுத்து மெதுவான சாட்டா வகையைப் பெற்ற என் அனுபவத்தை, கடையின் பெயரைத் தவிர்த்து, இங்கே எழுதுகிறேன்.

மன்னார்குடி அருகே சிறிய கணினி மையம் நடத்துகிறேன். சிட்டா, அடங்கல் நகல் எடுப்பவர்களும், கொள்முதல் நிலையத்தில் நெல் போடுவதற்கு முன்பதிவு செய்பவர்களும், சம்பா பயிர்க் காப்பீட்டின் கடைசி நாட்களில் வாசல் வரை நிற்பவர்களுமே என் வாடிக்கையாளர்கள். அத்தகைய நாளில் மின்சாரம் ஒருமுறை போய் வந்தால், ஹார்ட் டிஸ்க்கிலிருந்து விண்டோஸ் எழுந்து நிற்கும் வரை வரிசை முழுவதும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே தஞ்சாவூரில் ஒரு கடையில், விண்டோஸுக்கு மட்டும் தனியாக 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி வேண்டும் என்றும், என் மதர்போர்டின் எம்.2 இணைப்பிடம் (எஸ்எஸ்டியைச் செருகும் இடம்) பிசிஐஇ 3.0-ஐ (தரவு செல்லும் பாதையின் மூன்றாம் தலைமுறை) நான்கு தடங்களில் ஏற்கும் என்றும் தெளிவாகச் சொல்லி, அதற்குரிய விலையைக் கொடுத்தேன். “பொருத்தி, விண்டோஸும் ஏற்றியே தருகிறோம் சார், பெட்டியை எடுத்துப்போய் என்ன செய்யப்போகிறீர்கள்?” என்றார் கடைக்காரர். பில்லில் “எஸ்எஸ்டி 512” என்பதைத் தவிர நிறுவனத்தின் பெயரோ, மாடலோ, வரிசை எண்ணோ இல்லை.

கணினி பறந்தது. இந்த ஏமாற்று நிலைத்து நிற்பதற்கான காரணமே அதுதான். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க், ஒவ்வொரு சிறு கோப்பையும் தேடி எடுக்கச் சராசரியாகப் பன்னிரண்டு மில்லி விநாடி எடுத்துக்கொள்வதால், அங்கங்கே சிதறிக் கிடக்கும் 4 கேபி துண்டுகளை வாசிக்கும்போது அதன் வேகம் விநாடிக்கு ஒரு எம்பிக்கும் கீழே சுருங்கிவிடுகிறது. எந்தச் சாதாரண எஸ்எஸ்டியும் அதைவிடப் பல மடங்கு விரைவாக அந்த வேலையைச் செய்யும். மாடு பூட்டிச் சேடை ஓட்டியவருக்கு முதல் நாள் எந்த டிராக்டரும் வேகமாகத்தான் தெரியும்; அது எத்தனை குதிரைத்திறன் என்பதை ஓட்டத்தை வைத்து அவரால் சொல்ல முடியாது.

பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டியபோதுதான் விவகாரம் வெளிப்பட்டது, ஏனெனில் அதைக் கழற்றியதும் விண்டோஸ் துவங்கவே மறுத்துவிட்டது. இரண்டு டிஸ்க்குகளும் இணைந்திருக்கும்போதே விண்டோஸை நிறுவினால், துவக்கத்துக்கான இஎஃப்ஐ கோப்புகளை அது பழைய டிஸ்க்கில் ஏற்கெனவே இருக்கும் பகுதியில் எழுதிவிடுவது உண்டு; நிறுவும் நேரத்தில் மற்ற டிஸ்க்கின் கேபிளை உருவி வைத்தால் போதும், இது நேராது. அந்த ஒரு நிமிட வேலையைக் கடையின் தொழில்நுட்பர் செய்யாததால், புதிய எஸ்எஸ்டி இருந்தும் என் கணினி தேய்ந்துபோன பழைய டிஸ்க்கின் தயவில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பழைய டிஸ்க்கைத் திரும்ப மாட்டி, கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை இயக்கிப் பார்த்தேன். இடைமுகம் என்ற இடத்தில் “சீரியல் ஏடிஏ” என்றும், பரிமாற்ற முறை “சாட்டா 600” என்றும் காட்டியது. அதாவது எனக்குப் பொருத்தப்பட்டது, விநாடிக்கு ஏறத்தாழ 550 எம்பியைத் தாண்டவே முடியாத சாட்டா வகை. நான் விலை கொடுத்த வகை, பிசிஐஇ 3.0-இல் 3500 எம்பி வரை செல்லக்கூடியது. இவ்விரண்டும் 22 மிமீ அகலமும் 80 மிமீ நீளமும் கொண்ட ஒரே வடிவில் வருவதாலும், பல மதர்போர்டுகளின் இணைப்பிடம் இரண்டையும் ஏற்றுக்கொள்வதாலும், தோற்றத்தில் எளிதில் வேறுபாடு தெரியாது. முனையில் இரண்டு வெட்டுகள் இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒன்றே இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ என்று கொள்ளலாம். ஆனால் இரண்டே தடங்களில் இயங்கும் சில என்விஎம்இ வகைகளுக்கும் இரண்டு வெட்டுகள் உண்டு என்பதால், மென்பொருள் காட்டுவதையே நம்ப வேண்டும். இதைவிட மோசமானது அந்த மென்பொருள் காட்டிய மற்றொரு வரி: நான் வாங்கிய நாளிலிருந்து இரவும் பகலும் அணைக்காமல் ஓட்டியிருந்தாலும் எட்ட முடியாத அளவுக்கு, இயங்கிய மணி நேரம் அதில் பதிவாகியிருந்தது.

கடையில் கேட்டபோது, “விண்டோஸ் துவங்குவதில் உங்களுக்கு என்ன வித்தியாசம் தெரிந்துவிடப்போகிறது சார்?” என்று பதில் வந்தது. நேர்மையாகச் சொன்னால் அந்தக் கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. பெட்டியில் அச்சிடும் 3500, 7000 போன்ற எண்கள் பெரிய கோப்பு ஒன்றைத் தொடர்ச்சியாக வாசிக்கும் வேகத்தையே குறிக்கின்றன. விண்டோஸுக்குத் தேவைப்படும் சிறு துண்டு வாசிப்பில் சாட்டாவுக்கும் என்விஎம்இக்கும் உள்ள இடைவெளி அவ்வளவு பெரிதன்று. பிசிஐஇ 3.0 மதர்போர்டுக்கு 4.0 எஸ்எஸ்டியை அதிக விலைக்கு வாங்குவதும், அது 3.0 வேகத்திலேயே ஓடும் என்பதால், வீண். ஆனால் வித்தியாசம் தெரியாது என்றால் விலையில் மட்டும் அந்த வித்தியாசத்தை ஏன் வாங்கினீர்கள் என்ற என் கேள்விக்கும், பழைய சரக்கு எப்படிப் புதியதாயிற்று என்ற கேள்விக்கும் அவரிடமிருந்து விடை வரவில்லை. “விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது” என்று பில்லின் அடியில் இருந்த முத்திரையை மட்டும் விரலால் சுட்டிக்காட்டினார்.

ஆகவே பணம் கொடுப்பதற்கு முன், நிறுவனம், மாடல், வரிசை எண் மூன்றையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம். முத்திரை உடையாத பெட்டியை உங்கள் கண்முன் பிரித்துப் பொருத்தச் சொல்லி, அங்கேயே மென்பொருளை ஓட்டி இடைமுகத்தையும் இயங்கிய நேரத்தையும் பாருங்கள். புதிய எஸ்எஸ்டியில் அந்த நேரம் பூச்சியத்தையொட்டியே இருக்கும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிந்திருக்கிறேன். தொழிலுக்காக வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று கடையில் என்னை மிரட்டிப் பார்த்தார்கள். ஆனால் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் அதற்கென வாங்கும் பொருளுக்கு அவரும் நுகர்வோரே என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டம் விளக்கம் தருகிறது. கடை இணங்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்வேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம். மென்பொருள் காட்டிய திரையின் படத்தையும், எஸ்எஸ்டியின் மேல் ஒட்டியிருக்கும் வரிசை எண்ணின் படத்தையும், அந்த வெற்றுப் பில்லையும் சேர்த்தே வைத்திருக்கிறேன்.