வெல்ஷ் கேக்குக்கென்று ஒரு தோசைக்கல்

சிங்கப்பூர்த் தேக்கா பக்கம் ஒரு பாத்திரக் கடையில் போன மாதம் 12 அங்குல இரும்பு தோசைக்கல் வாங்கினேன், 38 வெள்ளி. வீட்டில்தான் ஒன்று இருக்கிறதே என்றார் அம்மா. இருக்கிறது, ஆனால் இது வெல்ஷ் கேக்குக்கு, அதாவது பிரிட்டனின் வேல்ஸில் கல்லில் சுடும், உலர்திராட்சை போட்ட சின்ன வட்டக் கேக்குக்கு.

வேலையிடத்தில் வேல்ஸ்காரர் ஒருவர் மார்ச் 1, அவர்களுடைய புனித டேவிட் நாளன்று கொண்டுவந்து கொடுத்ததில் பிடித்த கிறுக்கு. ஓவன் வேண்டாம், கனமான இரும்புக் கல் போதும் என்றார். பழைய கல்லில் சுட்டபோது கைப்பழக்கத்தில் பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்துவிட்டேன். ஜாதிக்காய் மணத்துக்கு நடுவில் ஊத்தப்ப வாசனை! ஒருவரும் இரண்டாவது எடுக்கவில்லை.

சரி, புதுக் கல். பழக்கிய கல் என்று சொல்லித்தான் விற்றார்கள், நம்பாதீர்கள். துடைத்தால் கையெல்லாம் கறுப்பு. அரிசி கழுவிய தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து, எண்ணெய் தடவிச் சூடாக்கி, துடைத்து, மறுபடி தடவி, இப்படி நாலு தடவை செய்த பிறகுதான் வழிக்கு வந்தது. ஆனால் வந்தபின் அருமை. மெதுவாகத்தான் சூடேறும், ஏறிய சூடு ஆறு கேக்கைப் போட்டாலும் இறங்காது. அதுவே ஆபத்தும்கூட: தண்ணீர் தெளித்தால் 'சொய்' என்கிற தோசைச் சூட்டில் போட்டால் வெளியே கரி, உள்ளே பச்சை மாவு. தீயை நன்றாகக் குறைத்து, பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம்.

அளவு: செல்ஃப் ரைசிங் மாவு (பேக்கிங் பவுடர் கலந்தே வரும் மைதா) 225 கிராம், வெண்ணெய் 110, சர்க்கரை 85, உலர்திராட்சை 85, ஒரு முட்டை, ஜாதிக்காய்த்தூள் ஒரு சிட்டிகை. வேல்ஸில் பன்றிக்கொழுப்பும் சேர்ப்பார்கள், நான் வெண்ணெய் மட்டும். நம் ஊர் வெக்கையில் அது விரலிலேயே உருகிவிடும் என்பதால் பிசைந்த மாவை அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, அரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான கனத்தில் திரட்டி, டம்ளர் வாயால் வெட்டுகிறேன். குறிப்புகளில் 'கரண்ட்' என்றிருக்கும், மின்சாரம் இல்லை, விதையில்லாத குட்டிக் கருந்திராட்சை. பாயசத்துக்குப் போடும் கிஸ்மிஸ் துருத்திக்கொண்டு கல்லில் பட்டுக் கருகிக் கசக்கிறது.

கல்லின் குறை, கைப்பிடியும் சேர்ந்து கொதிக்கிறது, பழந்துணி இல்லாமல் தொட முடியாது. மற்றபடி கொடுத்த காசுக்குத் தகும். நேற்று அம்மா இதிலேயே தோசை வார்க்கப் போனார், வெங்காயத்தைக் கையிலிருந்து வாங்கிவிட்டேன்.