தூக்குப்பாலத்தைச் சுற்றிப் பார்த்த சிறு கைகள்: மண்டபம் பக்கத்து மினியேச்சர் பூங்கா

அரையாண்டு விடுமுறையில் தங்கச்சிமடத்திலிருந்து, என் தந்தையையும் சேர்த்து, நாங்கள் ஐந்து பேர் மண்டபம் பக்கம் உள்ள ஒரு மினியேச்சர் பூங்காவுக்குச் சென்று வந்தோம். நம் கடற்கரையையே சிறிய உருவில் செய்து வைத்திருக்கிறார்கள் என்பதோடு, பல மாதிரிகளைப் பார்வையாளர்களே இயக்கலாம் என்பதும் இந்த இடத்தின் சிறப்பு. கட்டணம் ஒருவருக்கு ஒரு மீன் சாப்பாட்டின் விலைதான்.

பாம்பன் பாலத்தை முதலில் சொல்ல வேண்டும். இருந்த நேரத்தில் பாதியை அங்கேதான் கழித்தோம். 1914இல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலத்தின் தூக்குப் பகுதி, மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகளின் இடுப்பளவு உயரத்தில் நிற்கிறது. பக்கத்திலுள்ள இரும்புச் சக்கரத்தைச் சுற்றினால் பாலத்தின் இரண்டு கைகளும் மெல்ல மேலெழுகின்றன; நிறுத்தினால் அந்த நிலையிலேயே நிற்கின்றன. கதவு கீலில் திரும்புவதுபோல அவை திரும்புவதில்லை, ஆடும் நாற்காலியின் வளைந்த கால்போல உருண்டு பின்வாங்கியபடியே எழுகின்றன என்பது, அந்தப் பாலத்தில் எத்தனையோ முறை ரயிலில் போன எனக்கே அன்றுதான் தெளிவாகப் புரிந்தது. ஒரு கை மட்டும் சற்றுப் பிந்தி எழுந்தபோது, பணியிலிருந்த பெண் உடனே ஓடி வந்து பல்சக்கரத்தில் கிரீஸ் தடவிச் சரிசெய்தார்.

அருகிலேயே 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலமும் இருக்கிறது. உண்மைப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி இரு கோபுரங்களுக்கிடையே 17 மீட்டர் உயரம் வரை நேராக எழும். இங்கே பொத்தானை அழுத்தினால் அது தானே ஏறி இறங்குகிறது. பிள்ளைகள் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுப் பழைய பாலத்துக்கே திரும்பி வரிசையில் நின்றார்கள். கையின் வலு கொடுத்து இயக்கும் மாதிரிதான் பிள்ளையின் மனத்தில் தங்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நாற்பது ஆண்டுகள் கடல் தொழில் செய்த என் தந்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "எல்லாம் சரிதாம்ப்பா, சுத்துற ஆளுங்களக் காணோமே" என்றார். பழைய பாலம் இயங்கிய காலத்தில் அதைத் திறக்க ஆட்கள் நின்று கம்பிகளைத் தள்ளிச் சுற்றுவார்கள். ரயிலையும் கப்பலையும் நுணுக்கமாகச் செய்தவர்கள் அந்தத் தொழிலாளர்களின் உருவங்களை விட்டுவிட்டது பெருங்குறை. நிர்வாகம் இதை அவசியம் சேர்க்க வேண்டும்.

ராமேசுவரம் கோயிலின் மூன்றாம் பிராகார மாதிரியில், பிள்ளைகளின் கண்ணுயரத்தில் ஒரு துளை வைத்திருக்கிறார்கள். அதன் வழியே பார்த்தால் தூண்கள் இருபுறமும் குறுகிக் குறுகி முடிவின்றிப் போகின்றன. என் இளைய மகன் அதில் கண்ணை வைத்தவன், மறுபுறத்திலிருந்து அக்காவின் கண் தெரிந்ததும் கூவிவிட்டான்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைக் காட்டும் பகுதி ஏமாற்றமளித்தது. உப்புக்காற்றில் வண்ணம் வெளுத்து, பவளப்பாறை எது, மணல் எது என்று தெரியவில்லை. கடல்பசுவின் துடுப்பு ஒன்று உடைந்து கிடந்தது. தனுஷ்கோடி மாதிரியில் தேவாலயமும் ரயில் நிலையமும் புயலுக்கு முந்தைய நிலையில் அழகாக உள்ளன. ஆனால் 1964 டிசம்பர் 22 இரவு அங்கே ஒரு பயணிகள் ரயிலே கடலில் அடித்துச் செல்லப்பட்டதைச் சொல்லும் ஒரு பலகைகூட இல்லை. வெளியூர்ப் பிள்ளைகள் அதைப் பொம்மை ஊர் என்றே எண்ணிக் கடந்துபோனதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருந்தது.

கழிவறைகள் தூய்மையாக இருந்தன. உள்ளே தேநீரும் சுண்டலும் மட்டுமே கிடைப்பதால் மதிய உணவை முடித்துவிட்டுச் செல்லலாம். நிழல் குறைவு என்பதால், முதியவர்களை அழைத்துச் செல்வோர் மாலை நான்கு மணிக்கு மேல் செல்வது நல்லது; அப்போது பழைய பாலத்தின் சக்கரத்தருகே கூட்டமும் சற்றுக் குறைந்திருக்கும்.