திறன் தேர்வா, தன்மதிப்பீடா?

தன் உணர்வையும் பிறர் உணர்வையும் அறிந்து கையாளும் ஆற்றலான உணர்வு நுண்ணறிவில் மேலே நிற்பது ஆணா, பெண்ணா? எந்த அளவுகோலைக் கையில் எடுக்கிறோமோ, அதற்கேற்பப் பதில் மாறுகிறது.

உளவியலாளர்கள் பீட்டர் சலோவேயும் ஜான் மேயரும் 1990-இல் இந்தக் கருத்தை வரையறுத்தார்கள். பின்னர் டேவிட் கருசோவுடன் சேர்ந்து அவர்கள் உருவாக்கிய திறன் தேர்வில் 141 வினாக்கள் உள்ளன. ஒரு முகத்தின் புகைப்படத்தைக் காட்டி, அதில் கோபம் எவ்வளவு, அச்சம் எவ்வளவு என்று கேட்பார்கள். இதில் பெண்களின் சராசரி சற்றே கூடுதல். இந்த மதிப்பெண்ணுக்கு ஆளுமைப் பண்புகளோடு உறவு குறைவு. இணக்க குணத்தோடு மெல்லிய தொடர்பு உண்டு, அவ்வளவுதான்.

உளவியலாளர் பெட்ரைட்ஸ் லண்டனில் வகுத்த கேள்வித்தாளோ 153 வாக்கியங்களைத் தந்து, நம்மைப் பற்றி நம்மிடமே கேட்கிறது. எளிதில் கலங்காதவர்களும் கலகலப்பானவர்களும் இதில் உயர்ந்த மதிப்பெண் பெறுகிறார்கள். ஆளுமையோடு அவ்வளவு நெருக்கம் என்பதால், உணர்வு நுண்ணறிவே ஓர் ஆளுமைப் பண்புதான் என்கிறார் அவர். 2000-இல் சக உளவியலாளர் ஃபர்ன்ஹாமுடன் அவர் வெளியிட்ட ஆய்வில், ஒரு தன்மதிப்பீட்டுக் கேள்வித்தாளின் சமூகத்திறன் பகுதியில் பெண்கள் முந்தினார்கள். ஆனால் தம்மைத் தாமே மொத்தமாக மதிப்பிடச் சொன்னபோது ஆண்களே தமக்குக் கூடுதல் மதிப்பெண் அளித்துக்கொண்டார்கள். எனக்கு இந்த இடம் மிகவும் முக்கியமாகப் படுகிறது. அடக்கம் பழகிய பெண் தன்னைக் குறைத்தே எழுதுவாள். அந்தக் குறைவு திறமையின் குறைவு ஆகாது.

ஆகவே, இருபாலரையும் ஒப்பிட நான் திறன் தேர்வையே எடுப்பேன். அதிலும் ஓர் உறுத்தல் உண்டு: பெரும்பாலோரோ வல்லுநர்களோ சொன்னதே அங்கே சரியான விடை.