பைபர் ஒட்டும் கடை: ஒட்டு சுத்தம், நீளத்தை நீங்கள் பாருங்கள்

கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். நாலு அன்ரெனாவுக்குப் போகும் சிக்னலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்தவைத்து ரேடியோக் கற்றையைத் திருப்புவதுதான் என் செயற்திட்டம். அதற்காக நாலு பைபர் (ஒளி போகும் கண்ணாடி இழை) துண்டுகளுக்கு முனை ஒட்ட வேண்டியிருந்தது. கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட ஒரு கடை. முன்னுக்குப் போன் திருத்துவார்கள், பின்னறையில் பைபர் ஒட்டுவார்கள். வீட்டு இணைய லைன் அறுந்தவர்கள்தான் வழக்கமாகப் போவது. ஒரு ஒட்டுக்கு 500 ரூபா வாங்கினார்கள்.

வேலை சுத்தம். சோளகம் அடிக்கிற காலம், ஏ9 வீதித் தூசி முழுக்க உள்ளே வருகிறது. ஒட்டுகிற அண்ணை கதவைச் சாத்தி, காற்றாடியையும் நிறுத்திவிட்டுத்தான் இழை வெட்டும் கிளீவரைத் தொட்டார். வியர்க்க வியர்க்க ஸ்பிரிட் துணியால் இழையைத் துடைக்கிறார்; 'கீச்' என்று சத்தம் வந்தால்தான் அடுத்த வேலை. மெஷின் திரையில், ஒட்டில் வீணாகும் ஒளியின் இழப்பு 0.02 டெசிபெல். 0.05 காட்டிய ஒன்றை, என்னைக் கேளாமலே வெட்டித் திரும்ப ஒட்டினார்.

அங்கேதான் எனக்கு வயிறு கலங்கியது. எனக்கு இழப்பைவிட நீளம் முக்கியம். கண்ணாடிக்குள் ஒளி 20 சென்ரிமீற்றர் போக ஏறக்குறைய ஒரு நானோசெக்கன் எடுக்கும். நாலு துண்டையும் 20 சென்ரிமீற்றர் கூட்டிக் கூட்டி வைத்தால், நாலு அன்ரெனாவுக்கும் சிக்னல் ஒவ்வொரு நானோசெக்கன் பிந்திப் போகும். கற்றை ஒரு பக்கம் திரும்பும். அண்ணையின் திருத்தத்தில் போனது 4 சென்ரிமீற்றர், அதாவது ஐந்தில் ஒரு நானோசெக்கன். "வீட்டு லைனுக்கு இதையெல்லாம் ஆர் தம்பி பார்க்கிறது?" என்று சிரித்தார். நியாயம்தான். பிறகு மார்க்கரால் கோடு போட்டு, அளவுநாடாவை வைத்து மிச்சத்தை ஒட்டித் தந்தார். கெட்டுப்போன துண்டுக்குக் காசு எடுக்கவில்லை.

பல கருக்கள் (ஒளி போகும் நடுப்பாதைகள்) உள்ள இழை கையில் இருந்தால் இந்த இழுபறியே இல்லை. ஒரே கண்ணாடிக்குள் ஏழு கரு. ஒவ்வொன்றின் விட்டத்தையும், அதில் கலக்கும் ஜெர்மேனியத்தின் அளவையும் வேறு வேறாக வடிவமைத்தால், நீளம் ஒன்றானாலும் ஒளி வெவ்வேறு நேரத்தில் வந்து சேரும். லேசரின் அலைநீளத்தை மாற்றி அந்த இடைவெளியைக் கூட்டலாம், குறைக்கலாம். கிளிநொச்சி வெயிலில் சூடேறினாலும் ஏழும் சேர்ந்தே சூடேறும், இடைவெளி அவ்வளவாக மாறாது.

அதையும் ஒட்டுவீர்களா என்று கேட்டேன். அவருடைய மெஷின் இழையை அப்படி இப்படி நகர்த்துமே தவிர, சுழற்றாது. ஏழு கருவும் தன் தன் சோடிக்கு நேரே நிற்க வேண்டுமே. அண்ணை கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப நடுவில இருக்கிறது மட்டும் எரியும். மிச்சம் ஆறும் இருட்டு."